ஏழாவது மிஸ் யூ

அத்தியாயம் 9

பெண்டாட்டிக்கு மாதம் தவறாமல் ‘மிஸ் யூ’ என்று எழுதி அனுப்புகிற புருஷனை எதற்குச் சந்தேகப்பட வேண்டும் என்பது அந்தோணிக்கு மூன்று நாளாக விளங்கவில்லை.

“முப்பத்தோரு வருஷமா எங்கூட்டம்மாகிட்ட நான் அந்த மாதிரி ஒரு வார்த்த சொன்னதில்லமா. எம்மேல எந்த டிடெக்டிவும் கேஸ் எடுக்கல. இந்தாளு ஏழு தடவ சொல்லிக்கிறாரு, அவரு மாட்டிக்கினாரு,” என்றார்.

மோனிஷா காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. காந்தி ரோட்டில் ஒரு ஜரிகைக் கடைக்கு மேலே, ஒற்றை அறையில் இருந்தது அவளுடைய துப்பறியும் நிறுவனம். ஆள் இரண்டே பேர். அவள் துப்பறிவாள். அந்தோணி ஆட்டோ ஓட்டுவார், டீ வாங்கி வருவார், யாரும் கேட்காத யோசனைகளைச் சொல்வார். மோனிஷா சமண வீட்டுப் பெண், பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. அதனால் எந்தக் கேஸும் மாலை ஆறு மணிக்குள் முடிந்தாக வேண்டும் என்று அந்தோணி தானாகவே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார்.

மேஜைமேல் கிடந்தவை கீர்த்தி தன் வாட்ஸ்அப்பைப் பிரின்ட் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போன காகிதங்கள். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், மூன்று மாதப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடியேறி வந்தவள் அவள். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் குமாரவேலின் மருமகள், ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. தாய் தகப்பன் இல்லை, மாமியார் இல்லை. அந்த வீட்டில் மாமனாரும் அவளும் குழந்தையும்தான். புருஷன் உதயகுமார் எண்ணெய்க் கப்பலில் ஃபிட்டர். போன கார்த்திகையில் கப்பலேறியவன், மாசி மாதம் வரை துறைமுகத்துக்குத் துறைமுகம் போன் செய்தான். பிறகு பேச்சு நின்றுபோனது. போனில் மைக் கெட்டுவிட்டது, கப்பலிலும் கெடுபிடி என்று ஒரு வாட்ஸ்அப் வந்தது. அதிலிருந்து மாதத்துக்கு ஒரே ஒரு செய்தி. மகள் பிறந்ததற்குக்கூட இரண்டு வரிதான்.

“அவருக்கு வேற பொம்பள இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்கக்கா, அது போதும்,” என்று கேட்டாள். “இருந்தா இருக்குதுன்னே சொல்லுங்க. நான் சண்டைக்குப் போகமாட்டேன்.”

அவள் கேட்ட விதம் அந்தோணிக்குப் பிடிபடவில்லை. குரலில் கோபத்தின் வாசனையே இல்லை. படித்த பெண்கள் இப்படித்தான் போலும் என்று அவர் டீ வாங்கக் கிளம்பிவிட்டார்.

இன்றைக்குத் தீபாவளிக்கு மறுநாள். தெருவெல்லாம் வெடிக் குப்பை.

“இங்க பாருங்கண்ணே,” என்றாள் மோனிஷா. “கல்யாணமான புதுசுலேர்ந்து அவர் எழுதினது இது. ‘மிஸ் யூ டீ.’ ‘மிஸ் யூ டீ.’ பக்கத்துக்குப் பத்து வருது. வேற ஒரு அலங்காரமும் கிடையாது. மார்ச் மாசத்துலேர்ந்து பாருங்க. ‘ஐ பேட்லி மிஸ் யூ.’ ஏப்ரல்ல ‘ஐ ரியலி மிஸ் யூ.’ அப்புறம் ட்ரூலி, டீப்லி, டெரிப்ளி, டியர்லி. போன மாசம் ‘ஐ ஸோர்லி மிஸ் யூ.’ மாசத்துக்கு ஒரு புதுச் சொல். ஒரு தடவ போட்டது மறுபடி வரல. ‘டீ’யும் எங்கயும் இல்ல.”

“அதுக்கெல்லாம் இன்னாமா அர்த்தம்?”

“எல்லாத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே அர்த்தம்தான். ரொம்ப, நெஜமா, ஆழமா, பயங்கரமா.”

“நம்ம பாஷையில ‘உன் நெனப்பாவே இருக்குது’ன்னா முடிஞ்சுது. இங்கிலீஷ்காரனுக்கு அதுக்கு முன்னால ஒரு பைலட் வண்டி ஓடணும் போல.”

மோனிஷா சிரித்தாள். ஆனால் விரல் காகிதத்தை விட்டு நகரவில்லை.

“பாசத்துல எழுதறவன் ஒரே சொல்லத்தாண்ணே தேய்ப்பான். மாசம் ஒண்ணா மாத்துறவன் எதையோ பாத்து எழுதறான். இன்னொண்ணு. கீர்த்தி தினம் இவருக்கு எதாவது அனுப்புது. மாசம் முழுக்க ஒத்த டிக்தான். ஒரு நாள் மட்டும் எல்லாமே ஒண்ணா நீலமாகுது, அன்னிக்கே பதிலும் வருது. ஜூன் இருபத்தஞ்சு. ஜூலை இருபத்திநாலு. ஆகஸ்ட் இருபத்திரண்டு. புதன், வியாழன், வெள்ளி. லீவு நாளும் இல்ல.”

அந்தோணி சுவரைப் பார்த்தார். கீழே ஜரிகைக் கடையில் ஓசியில் கொடுத்த மாதக் காலண்டர் தொங்கியது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். மூன்றாவது தாளுக்கு வந்ததும் கை நின்றது.

“நீ சொன்ன தேதி எல்லாத்துலயும் கறுப்பு உருண்ட போட்டிருக்குதுமா. அமாவாச.”

மோனிஷா எழுந்து வந்தாள். மார்ச், ஏப்ரல், மே. எல்லாம் கறுப்பு உருண்டை. செப்டம்பர், மகாளய அமாவாசை.

“நடுக்கடல்ல போற கப்பலுக்கு ஏதுமா அமாவாசையும் பௌர்ணமியும்?” என்றார் அந்தோணி.

“கப்பலுக்குக் கிடையாது. இந்த ஊர்ல யாருக்கு உண்டு?”

இதற்குப் பதில் சொல்லக் காஞ்சிபுரத்தில் மூன்றாங்கிளாஸ் பையன் போதும். தறிக்காரனுக்கு ஞாயிறு கிடையாது, குடியரசு தினம் கிடையாது. மாதத்தில் தறி ஓயும் நாள் ஒன்றே ஒன்று, அமாவாசை. அன்றைக்குப் பிள்ளையார்பாளையத்தில் நடந்தால் அவரவர் வீட்டுக் கரண்டிச் சத்தம் வாசலுக்குக் கேட்கும்.

“இத எழுதற ஆள் கடல்ல இல்லண்ணே,” என்றாள் மோனிஷா. “இந்த ஊர்ல, ஒரு தறியில இருக்கறவங்க.”

அந்தோணியின் முகம் சிவந்தது. “அடப்பாவி. அப்ப அவன் கப்பலே ஏறல. நாலு தெரு தள்ளி எந்தத் தறிக்காரி வூட்லயோ குந்திக்கினு, அவள வுட்டு எழுத வெச்சிக்கினு இருக்கான். இங்க இந்தப் பொண்ணு கைப்புள்ளயோட தறியில கெடந்து சாவுது.”

“இன்னிக்கும் அமாவாசைதான்,” என்றாள் மோனிஷா, கைப்பையை எடுத்தபடியே. “எட்டாவது மெசேஜ் இன்னிக்கு வரணும். அது வர்றதுக்குள்ள ஆளப் புடிக்கணும்.”

எங்கே பிடிப்பது என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. வேகமாகப் படியிறங்கியதோடு சரி. அந்தோணி முன்னால் போய் வண்டியைக் கிளப்பினார். மோனிஷா ஏறவில்லை. ஆட்டோவுக்குப் பின்னால் சிலைபோல நின்றாள்.

“அண்ணே, இத எப்ப ஒட்டினீங்க?”

“எத?” அந்தோணி இறங்கி வந்தார். வண்டியின் முதுகில் ஒரு மஞ்சள் விளம்பரம், பாதி வெளுத்துப் போயிருந்தது. ‘லவ் என்றால் போதுமா? டீப்லி லவ், மேட்லி லவ், ட்ரூலி லவ்! ஒரு வினைச்சொல், அதன் சொந்தபந்தம் அனைத்தும்! இளங்கோவன் ஸ்போக்கன் இங்கிலீஷ், ஏனாத்தூர்.’

“அதுவா? ரெண்டு வருஷம் முன்னால லாரிக்காரன் இடிச்சி டொக்கு வுழுந்துது. அத மறைக்க ஒட்டினேன். நான் முன்னாடி குந்தி ஓட்றவன், பின்னாடி இன்னா எழுதியிருக்குதுன்னு எனக்கு இன்னாமா தெரியும்?”

“ரெண்டு வருஷமா துப்பு ஒண்ண முதுகுல கட்டிக்கினு ஊரச் சுத்தியிருக்கீங்க,” என்று ஏறி உட்கார்ந்தாள் மோனிஷா. “ஏனாத்தூர் போங்க.”

ஏனாத்தூரில் பல்கலைக்கழகத்துக்குப் போகும் சாலையில், ஜெராக்ஸ் கடை மாடியில் தகரக் கூரை போட்டு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. தீபாவளி மயக்கத்தில் வந்திருந்தது நாலைந்து பேர். சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, அதில் துணி காயப்போட்ட மாதிரி அட்டைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு வினைச்சொல் தலைப்பு, கீழே அதனோடு சேர்ந்து வரும் சொற்கள்.

இளங்கோவனுக்கு ஐம்பது வயதிருக்கும். கையெல்லாம் சாக்பீஸ். மோனிஷா விசிட்டிங் கார்டைக் கொடுத்துவிட்டு, பாடம் எப்படி நடக்கிறது என்று மட்டும் கேட்டாள். வாத்தியார்களிடம் அதைக் கேட்டால் போதும், வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை.

“பொண்ணு எடுத்தா சம்பந்தி வூட்டையும் சேத்துதானேமா எடுக்கறோம்? வினைச்சொல்லும் அப்டித்தான். அது யாரோட வரும், யாரோட வராதுன்னு தெரிஞ்சாதான் அது நம்மளுது. மொத்தமா குடுத்தா மண்டையில நிக்காது. அதனால ஆளுக்கு ஒரு வினை. யாருகிட்ட இன்னா பேசணும்னு கேட்டுட்டுத்தான் குடுப்பேன். அந்தத் தம்பி பேங்க் இன்டர்வியூவுக்குப் போவுது, ‘ரெகமெண்ட்’ குடுத்திருக்கேன். அந்தப் பாப்பாவுக்கு கஸ்டமர் கேர்ல வேல, அதுக்கு ‘அபாலஜைஸ்’. ஒருத்தருக்குக் குடுத்தத இன்னொருத்தருக்குக் குடுக்கமாட்டேன். ஒரு சொல் ஒரு ஆளோட கொஞ்ச நாள் குடித்தனம் பண்ணட்டும்னு வுட்ருவேன்.”

“‘மிஸ்’ யாருகிட்ட சார் குடித்தனம் பண்ணுது?”

இளங்கோவன் சாக்பீஸைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் இருந்த கலகலப்பு ஒரே நொடியில் வற்றியது.

“நீங்க யாரு அனுப்பி வந்திருக்கீங்க?”

“அந்தப் பொம்பள எங்கன்னு மட்டும் சொல்லு சார்,” என்று அந்தோணி குறுக்கே விழுந்தார். “பாக்கிய நாங்க பாத்துக்கறோம்.”

“பொம்பளையா?” இளங்கோவன் தலையை ஆட்டினார். “அது எங்க அமாவாசை அங்கிள். பசங்க வெச்ச பேரு. மாசம் ஒரு நாள்தான் வருவாரு.”

கடைசி பெஞ்சில், ஜன்னலோரம், வெள்ளைச் சட்டையில் ஒருவர் குனிந்து உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கலாம். மூக்குக்கண்ணாடியின் உடைந்த காதுக்குப் பட்டு நூலைச் சுற்றியிருந்தார். கையில் ஒரு போன். மோனிஷாவுக்கு அந்த முகத்தைத் தெரியும். கீர்த்தி கொடுத்த கல்யாண போட்டோவில் மாப்பிள்ளைக்கு வலப்பக்கம், புது வேட்டிக் கூச்சத்தோடு நின்றவர். உதயகுமாரின் அப்பா, குமாரவேல்.

அந்தோணிக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மகன் செய்கிற அக்கிரமத்துக்கு அப்பன் கூட்டு. நேராகப் பெஞ்சருகில் போய் நின்றார்.

“கீர்த்தி அனுப்பிச்சுது. உம்புள்ளைக்கு நீதான் லெட்டர் எழுதிக் குடுக்கறியா? எங்க ஒளிச்சி வெச்சிக்கிற அவன?”

கீர்த்தியின் பெயரைக் கேட்டதுமே குமாரவேலின் முகம் விழுந்துவிட்டது.

“கடல்ல இருக்கான்பா,” என்றார்.

“கதை வுடாத. கப்பல்ல இருக்கறவனுக்கு நீ எதுக்கு எழுதணும்?”

“கப்பல்ல இல்லப்பா. கடல்ல.”

அந்தோணி மெல்லக் குமாரவேலின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். இளங்கோவன் மாணவர்களைக் கீழே டீ குடிக்க அனுப்பிவிட்டார்.

குமாரவேல் குரலை உயர்த்தாமல் சொன்னார். மாசி மாதம் ஒரு புயல் நாளில் உதயகுமார் மேல்தளத்திலிருந்து தவறி விழுந்துவிட்டான். நாலு நாள் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை. வேலைக்குச் சேரும்போது அவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை, கம்பெனியில் அப்பா நம்பரைத்தான் கொடுத்திருந்தான். செய்தி இவருக்கு வந்தது. அவனுடைய பெட்டியும் போனும் இவர் பெயருக்கே வந்து சேர்ந்தன.

“அப்ப கீர்த்தி அஞ்சு மாசம்மா,” என்று மோனிஷாவைப் பார்த்தார். “அதுக்கு முன்னால ரெண்டு கரு நிக்கல. இந்த தடவ ஒரு அதிர்ச்சியும் தாங்காதுன்னு டாக்டரம்மா சொல்லிக்கினே இருந்தாங்க. புள்ள பொறக்கட்டும்னு இருந்தேன். பொறந்துது. பச்ச ஒடம்பாச்சேன்னு இருந்தேன். அப்புறம் தீபாவளி போவட்டும்னு. நாளு தள்ளத் தள்ள வாயி இன்னும் இறுகிப்போச்சு.”

“தமிழ்லயே எழுதியிருக்கலாமேங்கய்யா,” என்றாள் மோனிஷா.

“அதுங்க ரெண்டும் இங்கிலீஷ்லயே எழுதிக்கினு இருந்ததுங்கமா. திடீர்னு தமிழ்ல எழுதினா கண்டுபுடிச்சிடாதா? போனத் தொறந்தா வரிக்கு வரி ஒரே வார்த்த. சார்கிட்ட காட்டி இது இன்னா வார்த்தன்னு கேட்டேன். சொன்னாரு. அதையே எனக்குக் கத்துக் குடுங்கன்னு கேட்டேன். நெய்யறது கோர்வைச் சேல, ஒடம்பும் கரையும் தனித்தனியா ரெண்டு பேர் சேந்து நெய்யணும். நான் நடுவுல நாடா தள்ளினா, கீர்த்தி பக்கத்துல குந்தி கரைக்கு நாடா தள்ளும். ஒரு மொழம் தூரம். வூட்ல எங்க வெச்சி எழுதறது? போனு சார் டிராயர்லயே கெடக்கும். அமாவாச அன்னிக்கி வந்து எழுதிட்டுப் போவேன்.”

“அவர் எல்லாத்துலயும் ‘டீ’ போட்டிருந்தாரே. நீங்க ஏன் போடல?”

குமாரவேல் போனைத் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றுமில்லை.

“அவன் பொண்டாட்டிய அவன் ‘டீ’ன்னு கூப்புடலாம். மாமனார் நான், மருமவள எப்டிமா அப்டி எழுதறது? நாலஞ்சி தடவ எழுதிப் பாத்து அழிச்சேன். கை வரல.”

இளங்கோவன் கயிற்றிலிருந்து ஓர் அட்டையைக் கழற்றி வந்து மோனிஷாவிடம் கொடுத்தார். ‘மிஸ்’ என்ற தலைப்பின் கீழ் ஏழு சொற்கள். “மொத ஆறையும் வரிசையா எடுத்துக்கினாரு. ஏழாவத மட்டும் வாணாம்னேன். ‘ஸோர்லி’யெல்லாம் இங்கிலீஷ் பேப்பர்ல மாலை போட்ட போட்டோவுக்குக் கீழ போடறது, புருஷன் பொண்டாட்டிக்கு எழுதறதில்லன்னு சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுக்கினு, அதையே அனுப்பினாரு. அதுவரைக்கும் மகன் சொல்லச் சொல்லித்தான் எழுதறாருன்னு நெனச்சேன், அப்பதான் எனக்கே விஷயம் தெரியும்.”

“மகாளய அமாவாச சார் அன்னிக்கி,” என்றார் குமாரவேல். “ஊரே திருமுக்கூடல் ஆத்துக்குப் போயி எள்ளும் தண்ணியும் எறைச்சிக்கினு இருந்துது. ஒடம்பப் பாக்காத எனக்கு எறைக்க மனசு வரல. பெத்த புள்ளைக்கு நான் ஒண்ணுமே செய்யல. அந்த வார்த்தையாவது அவனுக்குப் போவட்டும்னு நெனச்சேன். படிச்ச பொண்ணு, புரிஞ்சிக்கும்னு நெனச்சேன். புரிஞ்சிக்கக் கூடாது சாமின்னும் வேண்டிக்கினேன்.”

கையிலிருந்த போனில் இன்றைய செய்திக்கான இடம் காலியாக இருந்தது. “அட்டையில வேற வார்த்த இல்ல. காலையிலேர்ந்து இப்டியே குந்திக்கினு இருக்கேன்,” என்றார்.

“எட்டாவது வேணாங்கய்யா,” என்று மோனிஷா அவர் தோளைத் தொட்டாள். “வாங்க, வீட்டுக்குப் போகலாம். நாங்க கூட இருக்கோம்.”

ஏனாத்தூரிலிருந்து பிள்ளையார்பாளையம் வரை அந்தோணி பள்ளம் மேடு பார்த்து, கர்ப்பிணியை ஏற்றிப் போவதுபோல மெதுவாக ஓட்டினார். தெருவில் தறிச் சத்தம் இல்லை. எல்லா வாசலிலும் வெடிக் காகிதம் சிதறியிருக்க, குமாரவேல் வீட்டு வாசல் மட்டும் பெருக்கின மேனிக்குச் சுத்தமாக இருந்தது.

கீர்த்தி தறியோரம் நின்று குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டிருந்தாள். முதலில் மோனிஷாவைப் பார்த்தாள். பிறகு மாமனாரை. பிறகு அவர் கையிலிருந்த போனை. அதன் உறையில் ஒரு மூலை கடித்த மாதிரி பிய்ந்திருக்கும், அவள்தான் வாங்கிக் கொடுத்தது. தோளைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

“நாந்தான்மா எழுதினேன்,” என்றார் குமாரவேல். படியிலேயே நின்றார், உள்ளே கால் வைக்கவில்லை.

அவள் கத்துவாள், போனைப் பிடுங்கி வீசுவாள் என்று அந்தோணி எதிர்பார்த்தார்.

“அவர் எழுதலன்னு மொத மெசேஜ்லயே தெரியும் மாமா,” என்றாள். “என்னை ‘டீ’ போடாம அவருக்கு எழுத வராது. யாரோ ஒரு பொம்பள பக்கத்துல உக்காந்து எழுதறான்னு வெச்சிக்கினேன். அப்டித்தான் இருக்கணும்னு காமாட்சி அம்மன்கிட்ட போய் வேண்டிக்கினேன். அந்தப் பொம்பள நல்லா சமைச்சிப் போடட்டும், அவர் எங்கயாவது வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, நல்லாருக்கட்டும்னு. போன மாசம் அந்தச் சொல் வந்துது. அதை எங்க போடுவாங்கன்னு எனக்குத் தெரியும் மாமா. அதுக்கப்புறம் யாராவது வந்து, உன் புருஷனுக்கு இன்னொருத்தி இருக்கான்னு சொல்லிட மாட்டாங்களான்னு இருந்துது. அதான் அக்காகிட்ட போனேன்.”

மோனிஷாவிடம் திரும்பினாள்.

“அப்டி யாரும் இல்லியாக்கா?”

மோனிஷா எத்தனையோ பெண்களிடம் எத்தனையோ சேதி சொன்னவள். இப்படி ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல நேரும் என்று அவள் நினைத்ததில்லை.

“இல்லம்மா,” என்றாள். “யாரும் இல்ல.”

கீர்த்தி தலையை அசைத்தாள். குழந்தை தூங்கியிருந்தது. அதன் கழுத்துக்குக் கீழே கையைக் கொடுத்து, தோளிலிருந்து பதமாக இறக்கி, வாசற்படிக்கு வந்து மாமனாரிடம் நீட்டினாள்.

“இவளக் கொஞ்சம் புடிங்க மாமா,” என்றாள். “நான் அழணும்.”

குமாரவேல் போனை மடியில் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் பேத்தியை வாங்கிக்கொண்டார்.